தேயிலைக்கு முன் புல்

தேயிலை மலைகளில் சில இடங்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் அளவுக்குத் தேயிலையே இல்லாமல் ஆளுயரப் புல் மட்டும் நிற்கும். பதுளையிலிருந்து பசறைப் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ பஸ்ஸில் போகும் வெளியூர்க்காரர் அதைப் பார்த்துக் கைவிடப்பட்ட மலை என்று நினைத்துக்கொள்வார். தோட்டத்தில் அதிகம் யோசித்துச் செலவழித்த மலை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கிழட்டுத் தேயிலையை வேரோடு பிடுங்கிய மண்ணில் உடனே புதுக்கன்று வைக்கக் கூடாது. பல பத்தாண்டுகள் ஒரே பயிரைச் சுமந்த மண் இறுகிப்போயிருக்கும், சத்து வற்றியிருக்கும், பழைய வேர்த்துண்டுகளில் நோய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, அது வளர வளர வெட்டி அங்கேயே பரப்பி, பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை மண்ணைத் தேற்ற வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோட்டங்களுக்குச் சொல்லும் முறை இது. அந்த இரண்டு வருடமும் அந்த மலையிலிருந்து ஒரு கொழுந்துகூட இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகாது.

மலையில் புல் வளரும் காலத்திலேயே நாற்றுமேடையில் வேறொரு வேலை நடக்கும். நல்ல தாய்ச்செடிகளைத் தெரிந்து, சில மாதங்களுக்கு முன்பே கவ்வாத்து வெட்டி, புதிதாக எழும் வாதுகளை விட்டுவைப்பார்கள். பிறகு காலை வெயில் ஏறுமுன் அவற்றை வெட்டி, ஓர் இலையும் அதன் கீழ் விரல்கடை நீளத் தண்டும் உள்ள சிறு துண்டுகளாக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் ஊன்றுவார்கள். எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. தேயிலை புளிப்பு மண்ணின் பயிர் என்பதால், மண்ணின் அமில அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். நிழல் முதலில் அடர்த்தியாக இருக்கும். வேர் பிடித்தபின் கொஞ்சம் கொஞ்சமாக நிழலைக் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குவார்கள். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழிந்து, ஊவாவுக்கு மழை வரும் ஐப்பசி கார்த்திகையில் கன்று மலைக்குப் போகும். அங்கேயும் உடனே கொழுந்து பறிக்க விடமாட்டார்கள். நடுத்தண்டை வெட்டி, பக்க வாதுகளைப் படரவிட்டு, மட்டக்கம்பு வைத்தால் சமமாக நிற்கும் மேசைபோல் செடியை உருவாக்க வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய நாளிலிருந்து எண்ணினால், புதுச்செடி முழு விளைச்சல் தர ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குப் பிறகு அது பல பத்தாண்டுகள் கொடுக்கும்.

வளர்ந்த செடியையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. கவ்வாத்து வெட்டு தேயிலைக்கு ஒரு பெரிய காயம்; இலை எல்லாம் போய் மொட்டைக் கட்டையாக நிற்கும். அந்தக் காயத்திலிருந்து செடியை எழுப்புவது வேரில் சேர்த்துவைத்த மாச்சத்து. ஆகவே வெட்டுக்கு முன் பென்சில் பருமனான வேர் ஒன்றை எடுத்து, வெட்டிய முகத்தில் அயடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் சேமிப்பு உண்டு, வெட்டலாம். நிறம் சரியாக ஏறவில்லை என்றால் செடியைச் சில வாரம் பறிக்காமல் ஓய்வில் விட வேண்டும். ஒரு செடி கஷ்டத்தைத் தாங்குமா என்று அதன் வேரைக் கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு இது. ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றில் உலகச் சந்தை தேடும் ஊவா மணம் தேயிலைக்கு வருகிறது. செடிக்கு அது வாட்டும் பருவம். மழைக்காலத்தில் வேர் சேர்த்துவைத்ததில்தான் அந்தப் பருவத்தைச் செடி தாண்டுகிறது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்கூட்டித் தயாராவது பற்றியும் சிறு சிறு அடிகளின் பலன் பற்றியும் மலையகத்துக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மலைகளின் தொழிலே அதுதான். இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி வேறு. ஒரு செடிக்கு இத்தனை வருடம் முன்னால் யோசித்த மலையில், அந்தச் செடியில் கொழுந்து எடுத்தவளின் பிள்ளைக்கு யார், எப்போது யோசித்தார்கள்?

பதில் தேடுவதற்கு முன் தேயிலையிலேயே உள்ள ஓர் உறுத்தலைச் சொல்லிவிட வேண்டும். வருடந்தோறும் தோட்ட நிலத்தில் 2 சதவீதம் மறுநடுகை செய்யப்பட வேண்டும் என்பது நீண்டகால அறிவுரை. பெருந்தோட்டக் கம்பனிகள் பல அதன் பாதியைக்கூட எட்டுவதில்லை. காரணம் அறியாமை இல்லை; முறை எல்லாத் துரைமாருக்கும் மனப்பாடம். 1992இல் அரசு தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலத்தை விற்கவில்லை, 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகை 2045இல் முடிகிறது. இன்று புல் நட்டு, இரண்டு வருடம் காத்து, கன்று வைத்து, முழு விளைச்சல் வரும்போது குத்தகையில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை கணக்குப் போடுகிறார். செலவு இப்போது, பலன் யாருக்கோ. ஆகவே பழைய விதைத் தேயிலையிலேயே இன்னும் கொஞ்சம் கறந்துகொள்ளலாம் என்று முடிவாகிறது. கையில் மூலதனமும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவும் இருக்கிற ஒரு கம்பனியே, நாளை இந்த மலை தனதாக இருக்குமா என்ற சந்தேகம் வந்ததும் முன்னேற்பாட்டைக் கைவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் லயத்துக் குடும்பங்களை, தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்களை, பார்க்க வேண்டும்.

உளவியலில் பிரபலமான ஒரு சோதனை உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் தொடங்கியது. சிறு பிள்ளையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, ‘நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் பரீட்சைகளில் மேலாகச் செய்தார்கள் என்று வந்த செய்தி உலகமெங்கும் பரவியது. சுயகட்டுப்பாடே வெற்றியின் விதை என்று மேடைதோறும் பேசினார்கள். நம்மூர்ப் பெற்றோர் கூட்டங்களிலும் இந்த மிட்டாய்க் கதை வருவதுண்டு. பிறகு நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. 2018இல் வெளிவந்த, இன்னும் பெரிய தொகையான பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

அதற்கு முன்பே ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் வேறொன்று செய்திருந்தார். 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். மிட்டாய்க்கு முன் ஒரு சின்ன நாடகம்: ‘இந்தப் பழைய கலர் பென்சில்கள் வேண்டாம், கொஞ்சம் பொறு, நல்லவை கொண்டுவருகிறேன்’ என்று பெரியவர் போவார். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபாதியிடம் வெறுங்கையோடு வந்து, ‘மன்னித்துக்கொள், இல்லை’ என்றார். அதன் பின் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். பொறுமை இல்லாத பிள்ளைகள் என்று இரண்டாவது கூட்டத்தைச் சொல்ல முடியுமா? கண்ணெதிரே நடந்ததிலிருந்து சரியாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்கள்.

மலையகத்தாருக்கு வந்த கலர் பென்சில்களின் வரிசையைப் பார்ப்போம். 1907இல் கொண்டுவந்த கிராமியப் பாடசாலைகள் சட்டம், தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்யவும் பாடசாலை அறை ஒன்றை ஒதுக்கிப் பராமரிக்கவும் தோட்டத்துரைமாரைக் கட்டாயப்படுத்தியது. ஆறுக்கு முன் எதுவும் இல்லை. பத்துக்குப் பின்னும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசையில், நிற்கத் தகுந்த ஆள் என்பது அந்த எல்லையின் பொருள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டை மாற்றியபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா. அடுத்த வருடமே மலையகத்தாரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாத மக்களின் பாடசாலைக் கூரை ஒழுகுகிறதா என்று எந்த அரசியல்வாதி ஏறிப் பார்ப்பார்? 1960, 61இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட போதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன.

1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த நாடற்றவர்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும்; எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிறகு பேசப்படும். லயத்து வீட்டுக்குள் இது எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும் தகப்பனுக்கு, அது பத்தாம் வகுப்பு எழுதப்போவது பதுளையிலா, அல்லது பார்த்தேயிராத திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றிலா என்று தெரியாது. விண்ணப்பம் போட்டு, கடவுச்சீட்டுக்குக் காத்திருந்து, சாமான் கட்டி, தலைமன்னார்ப் பக்கம் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. 1984இல் இந்தியாவுக்குப் போன கப்பல் நிற்கும்வரை இந்தப் பிரிவு நடந்தது. பெட்டி கட்டிவைத்த வீட்டில் பத்து வருடத் திட்டம் எப்படி நிற்கும்? ‘தோட்டத்துச் சனத்துக்கு நாளைப் பற்றிய யோசனை இல்லை’ என்று நகரத்தில் இப்போதும் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 53 வருடக் குத்தகை உள்ள கம்பனிக்கே வராத யோசனை, மறுமாதம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத கூலிக்கு வரவில்லை என்று குறைசொல்வது நியாயமா?

இனிப் பிள்ளைக்காம்பராவுக்கு வருவோம். தோட்டத்துக் குழந்தையின் முதல் பொது இடம் அது. காலை ஏழுக்கு முன் தாய் அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். பழைய காலத்துப் பிள்ளைக்காம்பரா என்றால் ஒரு நீண்ட அறை, விட்டத்தில் தொங்கும் துணித்தொட்டில்கள், கொழுந்து பறிக்க இயலாமற்போன வயதான ஆயா ஒருவர். அதைக் கட்டியதன் நோக்கத்தை மறைக்க வேண்டியதில்லை: கொழுந்துக்கு இரண்டு கை தேவை, கைக்குழந்தை அந்தக் கைகளை மறிக்கிறது, ஆகவே குழந்தையை வைக்க ஓர் அறை. குழந்தை அழாமல், விழாமல் இருந்தால் அந்த அறையின் வேலை முடிந்தது. நாற்றுமேடையில் கன்றுக்கு நிழலின் அளவு குறித்து எழுதப்பட்ட விதி இருந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தையோடு யார் பேச வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்று எந்த விதியும் இருக்கவில்லை.

பேசுவதா, அது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஜமேக்காவில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதுவும் பிரித்தானியர் தோட்டப்பயிருக்காக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய தீவு. சாலி கிரந்தம்-மக்கிரகர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1986, 87இல் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். வயது ஒன்பது மாதம் முதல் இரண்டு வருடம் வரை. ஒரு பகுதிக்கு வாரந்தோறும் பால்மா. ஒரு பகுதிக்கு வாரம் ஒரு மணிநேரம் சமூகச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தாயையும் பிள்ளையையும் வைத்து விளையாடுவார். போத்தல் மூடி, காலிப்பெட்டி, துணித்துண்டு என்று வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்த விளையாட்டுச் சாமான்கள். கூடவே பேச்சு, பெயர் சொல்லுதல், பாராட்டுதல். இன்னொரு பகுதிக்கு இரண்டும். மற்றப் பகுதிக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடத்தோடு திட்டம் முடிந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு 22 வயதானபோது திரும்பத் தேடிப்போய் வருமானத்தைக் கேட்டார்கள். முடிவு 2014இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்தது. விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் வருமானம், எதுவும் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். குழந்தைப் பருவத்தில் உயரம் குறையாதிருந்த அயலவர்களின் வருமானத்தை அவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் இந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. பால்மா வேண்டாம் என்று இதற்குப் பொருள் எடுக்கக் கூடாது. வயிறு காய்ந்த பிள்ளை விளையாடாது. ஆனால் வயிற்றை நிரப்பினாலே கடமை முடிந்தது என்ற நம் எண்ணத்துக்கு இது ஒரு குட்டு. வாரம் ஒரு மணிநேரம், இரண்டு வருடம். கூட்டிப்பார்த்தால் நூறு மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

உயரம் என்றதும் நம் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 32. பத்து வருடத்துக்கு முந்திய அளவீட்டில் தோட்டத்து எண் 40ஐத் தொட்டிருந்தது என்பதால் இறங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனாலும் மூன்று பிள்ளைகளில் ஒன்று, ஜமேக்கா ஆய்வாளர்கள் தேடிப்போன அதே நிலையில் இருக்கிறது. நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள லயங்களில் வேர்ச் சேமிப்பைப் பார்க்க அயடின் வேண்டாம். மருத்துவமாது தொங்கவிடும் தராசும் அளவுகோலும் போதும். நிறம் ஏறாத செடிக்கு ஓய்வு கொடுக்கும் தோட்டம், தராசு காட்டும் எண்ணுக்கு என்ன செய்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு செய்தி. 1980இல் அங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எல்லாப் பிள்ளைக்கும் எப்போதும் சாப்பாடு என்று போகவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சில மாதம் சத்துணவு, எடை ஏறியதும் நிறுத்தம், தாய்க்கு விளக்கம். எடை குறைந்து கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசு சொல்லிவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். தராசு இங்கேயும் உண்டு. அது சொல்வதைக் கேட்டு அடுத்த வாரமே ஏதாவது செய்யும் பழக்கத்தில்தான் தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம்.

பிள்ளைக்காம்பராவும் மாறாமல் இல்லை. 1990களிலிருந்து, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படும் அமைப்பின் கீழ், அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் மாறின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். பெயர்ப்பலகை மாறியும் உள்ளே தொட்டில்காலம் மாறாத இடங்கள் உண்டு. சுவரெல்லாம் படம், தரையெல்லாம் விளையாட்டு என்று மலர்ந்துவிட்ட இடங்களும் உண்டு. கட்டடத்தைவிட அங்கே இருக்கும் பெண்ணைப் பொறுத்த விஷயம் இது என்பது என் எண்ணம். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் சம்பளத்தையும் மரியாதையையும் பார்த்தால், நாம் இந்த வேலையை எவ்வளவு பெரிதாக மதிக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

பிள்ளைக்காம்பராவின் பலனை அங்கே இருக்கும் குழந்தையிடம் மட்டும் தேடுவதும் பிழை. அது மூடியிருக்கும் நாளில் தாய் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஆகவே வீட்டில் மூத்த பெண் நிற்பாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நிற்கும் ஒன்பது வயது அக்காவின் பெயருக்கு எதிரே, பாடசாலை இடாப்பில் ஒரு வட்டம் விழும். அப்படிச் சேர்ந்த வட்டங்கள் எத்தனையோ பெண்களின் படிப்பை முடித்துவைத்திருக்கின்றன. ஊவாவில் பெண்கல்வி பற்றி மாநாடு கூட்டுகிறவர்கள் பிள்ளைக்காம்பரா எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை நாள் மூடியிருந்தது என்ற கணக்கிலிருந்து தொடங்கினால் நல்லது.

பாடசாலைகளின் கதையில் 1977 ஒரு திருப்பம். 1972இலும் 75இலும் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின், தோட்டப் பாடசாலைகளை அரசு கட்டங்கட்டமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1945இல் கிடைத்திருக்க வேண்டியது ஒரு தலைமுறை கழித்து வந்தது. 80களில் சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பாடசாலைக் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. கொட்டகலை பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் என்ற முத்திரையைத் துடைத்தன. இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய புரட்சி இல்லை. ஆனால் உயர்தரம் படித்த லயத்துப் பையன்களும் பெண்களும் அதே மலைப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாக நியமனம் பெற்று வந்தபோது ஒன்று நடந்தது. தம்மைப்போலவே லயத்தில் பிறந்து, பெரட்டுக்குப் போகாமல், மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரைப் பிள்ளைகள் முதன்முதலாகத் தினமும் கண்ணால் பார்த்தார்கள். சொன்ன கலர் பென்சில் உண்மையிலேயே வந்த நாள் அது. காத்திருக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் தளிர்விட்டது என்று நினைக்கிறேன். பதுளை, பசறை, பண்டாரவளைத் தமிழ்ப் பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளுக்கு மலையிலிருந்து பஸ் ஏறி வரும் கூட்டம் அதன் பின்னால் வந்தது.

பெறுபேறு வெளியாகும் வாரத்தில் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான செய்தி வரும்: கொழுந்து பறிக்கும் தாயின் மகள் மருத்துவபீடத்துக்கு. குப்பிலாம்பு, விடியவிடியப் படிப்பு, விடாமுயற்சி. அந்தப் பிள்ளையின் உழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செய்தி எப்போதும் பதினேழு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று வயதில் அவளுக்குக் கதை சொன்ன ஆயாம்மா யார், எட்டு வயதில் தம்பியைப் பார்க்க அவளை வீட்டில் நிறுத்தாமல் அனுப்பியது யார் என்று எந்த நிருபரும் கேட்பதில்லை.

அரசின் உதவியும் இதே பிசகில்தான் நிற்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய தகுதிக்கு, 55 மாவட்ட அடிப்படையில், 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. நல்ல ஏற்பாடு, எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைத்தாங்கல் வருவது பத்தொன்பது வயதில். அதற்குள் ஐந்தாம் வகுப்பில், எட்டாம் வகுப்பில், சாதாரணதரத்தில், விஞ்ஞானப் பாட ஆசிரியர் இல்லாத பாடசாலையில் என்று படிப்படியாகப் பிள்ளைகள் உதிர்ந்திருப்பார்கள். இன்னொன்று: பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மாவட்டத்தின் பெயரால் வரும் இடம் நகரத்துப் பாடசாலையின் பிள்ளைக்கும் மேட்டுலயத்துப் பிள்ளைக்கும் ஒரே வரிசைதான். பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே பட்டப்படிப்பும் உண்டு. நாற்றுமேடைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் அந்த வாசலுக்கும் இடையிலுள்ள தூரம் கிலோமீற்றரில் மிகக் குறைவு.

‘அப்படியானால் சின்ன வயதிலேயே பிடித்து உட்காரவைத்துப் படிப்பிக்க வேண்டியதுதானே’ என்று கிளம்புகிறவர்களையும் பார்க்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே வகுப்பு, முன்பள்ளியில் கொப்பி நிறைய எழுத்து. அவர்களுக்கும் தேயிலையிலேயே பதில் இருக்கிறது. விதையிலிருந்து வந்த தேயிலைக்கு ஆணிவேர் இறங்கும். வெட்டுத்துண்டிலிருந்து வந்த வீ.பி. தேயிலை சீக்கிரம் கூடுதலாகக் கொடுக்கும், ஆனால் ஆணிவேர் இல்லை. மண்ணை முன்கூட்டித் திருத்திவைக்காவிட்டால் முதல் வறட்சியிலேயே தலைதொங்கும். ஜமேக்காவில் அந்த நூறு மணிநேரத்தில் பரீட்சைக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. விளையாடினார்கள், பேசினார்கள். மூன்று வயதுக்கு அதுதான் புல் நடுகை.

முன்னேற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பதுளை மாவட்டம் மிகக் கொடிய சாட்சி ஒன்றை வைத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீறியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குக் கிளம்பிவிட்டிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பிவந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தும் ஏன் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். எங்கே போவது? லயம் தோட்டத்தினுடையது, நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு என்று அந்த நிறுவனம் எளிய கணக்கு வைத்திருக்கிறது. ஒரு மழைமானியும் அதைப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் லயத்துக்கு லயம் செய்யலாம். இறங்கிப்போய் நிற்க ஒரு துண்டு நிலம் இருந்தால்தான் அந்தக் கணக்குக்குப் பயன் உண்டு. 2015க்குப் பிறகு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்று தொடங்கிய திட்டத்தை வீட்டுத்திட்டம் என்றுதான் பேசுகிறார்கள். அதில் கல்விக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். தன் பெயரில் உறுதி உள்ள நிலத்தில்தான் ஒருவன் பலன்தரப் பத்து வருடம் எடுக்கும் மரத்தை நடுவான்.

ஆகவே அடுத்தமுறை தோட்டச் சம்பளம் பேசும்போது, நாட்சம்பளத்தோடு இன்னும் இரண்டு கணக்குகளும் மேசைக்கு வர வேண்டும்: பிள்ளைக்காம்பராவில் இருக்கும் பெண்ணின் பயிற்சியும் சம்பளமும், லயத்துக் காணியின் உறுதியும். தொழிற்சங்கங்கள் இவற்றைக் கேட்க வேண்டும். ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் மலையை விட்டு வெளியேறிய நாமும் கேட்க வேண்டும். குத்தகை முடிவது 2045இல். 2023இல் பதுளைத் தோட்டமொன்றில் பிறந்த குழந்தைக்கு அந்த வருடம் 22 வயதாகும். ஜமேக்காவில் திரும்பிப்போய்க் கணக்கெடுத்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த வயதும் அதுதான்.